அப்பாவுக்கு அந்தக் கரண்டியை வாங்கி வா

அன்புள்ள கயல்,

உப்புக் குறைந்த சாப்பாட்டையும் கரிப்பாகத் தெரியவைக்கிற அந்த மின்சாரக் கரண்டி விஷயத்தில் நீ எழுதியது எனக்கு ஒப்பவில்லை. அத்தனை பணம் கொடுத்து ஒரு ஸ்பூன் வாங்குவது வீண், டோக்கியோவில் இந்த மாதிரி வேடிக்கைச் சாமான் தெருவுக்குத் தெரு விற்கிறது, மாத்திரையும் பத்தியமும் ஒழுங்காக நடந்தால் போதும் என்கிறாய். தூரத்தில் இருக்கிற உனக்கு அப்படித் தோன்றும்தான். ஆனால் தினமும் அவருக்குப் பரிமாறுகிறவள் நான்.

ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்பு, அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன், அதற்கு மேல் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து (உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்குமே இந்த அளவுக்குள்தான் சொல்கிறதாம்) ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய் எதுவும் வீட்டுக்குள் வருவதில்லை. பிரஷர் இறங்கியது, சந்தோஷம். கூடவே சாப்பாடும் இறங்கிவிட்டது. ரசத்துக்கென்று மறுசோறு கேட்டு வாங்குகிற மனுஷர் இப்போது சாம்பாரோடு கை கழுவிவிடுகிறார். கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிட்டால் பசி இல்லை என்று வாசலிலேயே உட்கார்ந்துகொள்கிறார். டாக்டரிடம் சொன்னால், ரிப்போர்ட் நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார். ரிப்போர்ட்டில் நாக்குக்கு ஒரு வரி கிடையாது, கயல்.

அந்தக் கரண்டி எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படித்தேன். உப்பில் இருக்கிற சோடியம் சாப்பாடு முழுக்கக் கலந்து கிடக்கிறது, அதில் எல்லாமே நாக்கில் படுவதில்லை, ஒரு பங்கு சும்மாவே தொண்டைக்குள் போய்விடுகிறது. கரண்டியின் நுனியில் ஓடும் மிக மெல்லிய மின்சாரம் அந்தச் சோடியம் அயனிகளை, அதாவது மின்னேற்றம் உள்ள துகள்களை, நாக்குப் பக்கம் திரட்டிக் கொண்டுவருகிறது. போட்ட உப்பு அதேதான், தெரிகிற உப்பு மட்டும் கூடுகிறது. ஜப்பானில் பீர் தயாரிக்கிற கிரின் கம்பெனியும் மெய்ஜி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹோமெய் மியாஷிதாவும் சேர்ந்து செய்தது. முதலில் அவர்கள் சாப்பிடுகிற சாப்ஸ்டிக் குச்சியாகச் செய்து சோதித்ததில், உப்புக் குறைத்த சாப்பாடு ஒன்றரை மடங்கு கரிப்பாகத் தெரிந்ததாம். அப்புறம்தான் 2024 மே மாதம் இந்தக் கரண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். மிசோ சூப்பும் சோயா சாஸும் ராமென் நூடுல்ஸுமாகச் சராசரியாக ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 10 கிராம் உப்பு சாப்பிடுகிற ஊரில் இது பிறந்ததில் ஆச்சரியமே இல்லை. உனக்குச் சிரிப்பு வருகிறது என்றாயே, மின்சாரக் குச்சி ஆராய்ச்சிக்காக மியாஷிதாவுக்கும் அவரோடு ஆராய்ந்த ஹிரோமி நகமுராவுக்கும் 2023இல் கொடுத்ததே இக் நோபல் பரிசுதான். முதலில் சிரிக்கவும் அப்புறம் யோசிக்கவும் வைக்கிற வேலைக்குத்தான் அந்தப் பரிசு.

சாப்பாட்டில் டெக்னாலஜி என்றாலே எனக்குப் பிடிக்கும் என்று நினைத்துவிடாதே. தட்டின் மேல் வெளிச்சத்தில் ஒரு குட்டிச் சமையல்காரன் ஓடி ஓடி மீன் பிடிக்கிற மாதிரி ஒரு வீடியோ அனுப்பினாயே, அது பார்க்க அழகு, குழந்தைகள் குதிப்பார்கள், ஆனால் அதனால் யாருக்கும் ஒரு கவளம் கூடுதலாக இறங்கப் போவதில்லை. கரண்டி அப்படியில்லை. சுவையை இழந்த ஒருவருக்கு அதைத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறது. சுவை நாக்கோடு முடிகிற விஷயமும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் சார்லஸ் ஸ்பென்ஸ் என்பவர் ஆட்களுக்கு ஹெட்ஃபோன் மாட்டி, அவர்கள் கடிக்கிற சிப்ஸின் சத்தத்தைக் கூட்டிக் கேட்க வைத்தார், அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பு என்றார்களாம். படித்ததும் எனக்கு அப்பா ஞாபகம்தான். காது மந்தமான பிறகு, அப்போதுதான் பொரித்தெடுத்த அப்பளத்தையும் நமத்துப்போச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, நாம் எண்ணெயைக் குறை சொன்னோம்.

ஒரு சந்தேகம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பிடியைக் கையில் பிடித்து, நுனி நாக்கில் பட்டால்தான் மின்சாரம் சுற்றி வரும். சோறு பிசைந்து சாப்பிடுகிறவருக்கு அது எப்படி? ஸ்பூனைக் கொடுத்தாலே ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது என்பார். வெறும் கையால் சாப்பிடுகிறவர்களையும் மனசில் வைத்து யாராவது ஒன்று செய்தால் இந்த ஊரில் எத்தனை வீட்டுக்கு உபகாரமாக இருக்கும்! அதுவரை ரசம், கஞ்சி, பாசிப்பருப்புக் கூட்டு, இதெல்லாம் கரண்டியில் ஆகும். ரசம் ஒன்று ருசித்தாலே போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்தக் கரண்டியைப் பயன்படுத்தக்கூடாதாம். அப்பாவுக்கு அது இல்லை, ஆனால் உன் பெரியப்பாவுக்கு உண்டு, அவர் எதையும் கையில் எடுத்துப் பார்க்காமல் விடமாட்டார். நீயே போனில் முதலிலேயே சொல்லி வை, என் பேச்சு எடுபடாது.

வாங்கினதும் பெட்டியைப் பிரிக்காமல் கொண்டு வராதே. அங்கேயே ஒருநாள் புளி ரசம் வைத்து, உப்பைப் பாதியாகப் போட்டு, முதலில் சாதாரண ஸ்பூனிலும் அப்புறம் இதிலும் குடித்துப் பார். நம் புளிப்போடும் மிளகோடும் அது எப்படித் தெரிகிறது, வெறும் கரிப்பா, இல்லை ரசம் ரசமாகவே இருக்கிறதா என்று அப்பாவிடம் சொல்வதற்கு முன்னால் எனக்கு எழுது.

அம்மா