காதில் மருந்து விடாதே

முரளி,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. மூணு வாரமாக இடது காது வலி, டாக்டர் லைட் அடித்துப் பார்த்துக் காது சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார், நீ என்னடா என்றால் மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி இன்னும் விட்டுக்கொண்டிருக்கிறாய். முதலில் அதை நிறுத்து. காதில் ஒன்றும் இல்லையென்றால் வலி வேறு இடத்திலிருந்து வருகிறது.

நான் படித்தது எட்டாவதுதான். ஆனால் ஸ்டான்லி மெடிக்கல் காலேஜில் பிணம் அறுக்கிற ஹாலில் 30 வருஷம் அட்டெண்டராக நின்றவன், பாடம் கேட்டுக் கேட்டே பாதி மனப்பாடம். மண்டையிலிருந்து இறங்கும் நரம்பு 12 ஜோடி. அதில் 5, 7, 9, 10 நாலும் காதுக்குக் கிளை விடுகின்றன, கழுத்திலிருந்தும் ரெண்டு வந்து சேரும். நாம் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒண்டுக்குடித்தனம் இருந்தோமே, அஞ்சு குடும்பத்துக்கும் வாசலில் ஒரே காலிங்பெல், யாரைத் தேடி யார் வந்தாலும் முன் போர்ஷன் ஆயாதான் தன் வீட்டுக்கு என்று முனகிக்கொண்டே எழுந்து வரும். காதும் அந்த ஆயா மாதிரிதான். பெல் அடித்தது பின்னால் கடைவாய்ப்பல்லாக இருக்கும், தாடை மூட்டாக இருக்கும் (இது ரெண்டும் 5-வது நரம்பு), டான்சிலோ நாக்கின் அடியோ இருக்கும் (9-வது), குரல்வளையாகவும் இருக்கும் (10-வது). எல்லா ஒயரும் மூளையில் ஒரே இடத்தில் போய்ச் சேருவதால் அதுக்கு வித்தியாசம் தெரியாது.

சின்ன வயசில் உனக்குக் காது குடைந்தால் இருமல் வரும், ஞாபகம் இருக்கா? அம்மா நீ நடிக்கிறாய் என்று தலையில் குட்டுவாள். நடிப்பு இல்லை. 10-வது நரம்பின் ஒரு கிளை காதுக்குழிக்கு வருகிறது, ஆர்னால்டு நரம்பு என்பார்கள், தையல் நூலை விட மெலிசு, டாக்டருக்குப் படிக்கிற பசங்க முக்கால்வாசி பேர் தேடும்போதே அறுத்துவிடுவார்கள். அதைச் சீண்டினால் தொண்டை இருமும். அப்போ தொண்டையில் கோளாறு என்றால் காது வலிக்காதா?

இவ்வளவு தெரிந்த நான்தான் உன் பெரியப்பாவுக்கு நாலு மாசம் பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினேன். காசிமேட்டில் மீன் ஏலம் விட்டுக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கிறது, காற்றில் காது வலிக்கிறது என்று நினைத்தோம். தினம் ரெண்டு கட்டு பீடி. சோறு இறங்கவில்லை என்ற பிறகுதான் கூட்டிக்கொண்டு போனோம், தொண்டைக்குழியில் கட்டி. காதில் அழுக்குகூட இல்லை.

உனக்கும் அதுதான் என்று சொல்லவில்லை, பயப்படாதே. நீ தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவன். காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பார், 'டக்' என்று சத்தம் வந்து அந்த இடமே வலித்தால் அனேகமாகத் தாடை மூட்டு. ஞானப்பல் முட்டிக்கொண்டு நின்றாலும் இப்படித்தான் இருக்கும். காதில் கொப்புளம் வந்தாலோ வாய் ஒரு பக்கம் கோணினாலோ மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளாதே, அது 7-வது நரம்பு.

சனிக்கிழமை லீவுதானே, பல் டாக்டரிடம் போய் எக்ஸ்ரே எடு. பல்லும் தாடையும் சரி என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் மறுபடி போய், மூக்கு வழியாகக் கேமரா விட்டுத் தொண்டையைப் பார்க்கச் சொல். சிகரெட் பிடிப்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல். பொங்கலுக்கு வந்தபோது மொட்டை மாடித் தண்ணீர் டேங்க் பின்னால் ஏழு துண்டு பொறுக்கினேன். உன் அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை.

நைனா