நான்காவது பெட்டியில் இருந்த எச்சரிக்கை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனைகள் கணினிமயமாவது பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எங்கெல்லாம் காகிதம் கைவிடப்பட்டது, அதற்கு எவ்வளவு செலவானது என்ற விவரங்கள் அவற்றில் இருக்கின்றன. அந்தக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அது உதவியாக இருக்கிறதா, இடைஞ்சலாக இருக்கிறதா என்ற விவரத்தைத்தான் காண முடிவதில்லை. தனியார் மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் இருபத்தோரு ஆண்டுகளாக மருந்தாளுநராகப் பணியாற்றி வரும் நான், விடுபட்டுப்போகும் அந்தப் பகுதியைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

மருத்துவர் கணினியில் ஒரு மருந்தின் பெயரைப் பதிந்த உடனேயே, நோயாளியின் வயது, எடை, ஒவ்வாமை, சிறுநீரகங்களின் நிலை, ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மாத்திரைகள் ஆகியவற்றோடு அதை ஒப்பிட்டு, பொருந்தாதது இருந்தால் அங்கேயே சொல்லிவிடும் மென்பொருள்கள் இப்போது நடுத்தர மருத்துவமனைகளுக்கும் வந்துவிட்டன. இதற்கான அறிவு புதியதும் இல்லை. 1972இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டி டோம்பால் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் கடும் வயிற்றுவலியோடு வந்த 304 நோயாளிகளிடம் கணினியைச் சோதித்தபோது, அது சொன்ன நோயறிதல் 91.8 சதவீதம் சரியாக இருந்தது. மூத்த மருத்துவர்களுடையது 79.6 சதவீதம். அரை நூற்றாண்டுக்கு முன்பே கணினிக்கு மருத்துவம் ஓரளவு கைவந்திருந்தது என்றுதான் இதற்குப் பொருள். அதற்கு இன்னும் கைவராதது, எதை எப்போது சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதே.

எங்கள் மருத்துவமனை அனுபவத்தையே சொல்கிறேன். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் சேர்த்துக் கொடுப்பதுதான் சிகிச்சை. இருந்தும் ஒவ்வொரு முறையும் 'ரத்தக்கசிவு அபாயம்' என்ற மஞ்சள் பெட்டி ஒன்று திரையின் நடுவில் வந்து நிற்கும். அதே மஞ்சளில், அதே எழுத்தில், அதே அளவில் 'இம்மருந்தை உணவுக்குப் பின் எடுப்பது நன்று' என்ற பெட்டியும் வரும். பெட்டியை மூட வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும் என்று கீழே ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் மருத்துவர்கள் ஒரு முற்றுப்புள்ளியை வைக்கிறார்கள். அவர்கள் தெரிவிக்கும் காரணங்கள் மருந்தகத்துத் திரையில் வரிசையாக வந்து விழும்: புள்ளி, புள்ளி, புள்ளி, எப்போதாவது ஓர் 'ஓகே'. வெளிநோயாளர் பிரிவில் ஒரு காலைப்பொழுதுக்குள் நூறு பேரைப் பார்த்து முடிக்க வேண்டியவரிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பது என் கருத்து.

சென்ற ஆண்டு ஒரு மாலையில், இருபத்தாறு வயதுப் பெண் ஒருவருக்கு ரத்த அழுத்தத்துக்காக எனலாப்ரில் எழுதிய சீட்டு எங்களுக்கு வந்தது. மாத்திரைகளை எடுத்துவைத்துப் பெயரைக் கூப்பிட்டபோது அவருடைய மாமியார் வந்து நின்றார். கையில் தாய் சேய் நல அட்டை. 'ஏம்மா, மாசமா இருக்குற புள்ள இதெல்லாம் சாப்பிடலாமா?' என்று அவர் கேட்டிராவிட்டால் அந்த மாத்திரைகள் வீட்டுக்குப் போயிருக்கும். எனலாப்ரில் கருவிலுள்ள குழந்தையின் சிறுநீரகங்களைப் பாதிக்கக்கூடியது; பனிக்குட நீர் குறைந்துபோகவும் காரணமாகும். கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுப்பதில்லை. மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் பதறிப்போய் உடனே லேபடலாலுக்கு மாற்றினார்.

பிறகு அன்றைய பதிவை எடுத்துப் பார்த்தேன். மென்பொருள் எச்சரித்துத்தான் இருந்தது. அந்தச் சீட்டிலிருந்த மூன்று மருந்துகளுக்கு மொத்தம் ஐந்து பெட்டிகள் வந்திருந்தன. முதல் இரண்டும் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பவை. மூன்றாவது, வறட்டு இருமல் வரலாம் என்பது. கர்ப்பம் பற்றிய எச்சரிக்கை நான்காவது. ரத்த அழுத்த மருந்து என்பதால் ரத்த அழுத்தத்தைக் கவனிக்கவும் என்றது ஐந்தாவது. ஐந்துக்கும் ஐந்து புள்ளிகள். இதைவிட மோசமான ஒன்றும் பதிவில் தெரிந்தது. நோயாளி கர்ப்பிணியா என்று குறிக்கும் இடம் இரண்டு பக்கங்கள் தள்ளி, யாரும் திறக்காத ஓர் இடத்தில் இருக்கிறது. அது காலியாக இருந்தால் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயது வரையுள்ள எல்லாப் பெண்களுக்கும் அந்த எச்சரிக்கை வரும்படி மென்பொருளை அமைத்திருக்கிறார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டு பதினைந்து ஆண்டுகள் ஆன பெண்ணுக்கும் அதே பெட்டி வரும். அன்றாடம் முப்பது முறை பொய்யாக வந்து போகும் எச்சரிக்கை முப்பத்தொன்றாவது முறை மெய்யாக வரும்போது, அதைக் கண்டுகொள்ளாதவரைக் கவனக்குறைவானவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நிர்வாகத்தின் பார்வை வேறாக இருந்தது. எச்சரிக்கைகளை முழுமையாகப் படித்த பின்னரே மூட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. எல்லா மருத்துவர்களும் கையெழுத்திட்டார்கள். மறுநாள் காலையிலும் எங்கள் திரையில் புள்ளிகள்தாம் வந்தன.

இது நம் ஊரின் அவசரத்தால் மட்டும் வரும் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது. 2006இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை மருத்துவர்களால் ஒதுக்கித் தள்ளப்படுவதாகப் பல ஆய்வுகளிலிருந்து எடுத்துக்காட்டியது. 2013இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில், வசதியில் எதற்கும் குறைவில்லாத பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்தது இத்துறையில் இருப்பவர்கள் அடிக்கடி நினைவுகூரும் நிகழ்ச்சி. 38.6 கிலோ எடையுள்ள பதினாறு வயதுச் சிறுவனுக்கு கோ-ட்ரைமாக்சசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை ஒன்று தர வேண்டும். அளவைக் கணக்கிடப் பயன்படும் மருந்துக்கூறு அதில் 160 மில்லிகிராம். மருத்துவர் 160 என்று சரியாகவே பதிந்தார். ஆனால் எடை 40 கிலோவுக்குக் குறைந்த சிறுவர்களுக்குத் திரை தானாகவே 'ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம்' என்ற அலகில் நின்றது. கணினி 160ஐ 38.6ஆல் பெருக்கி, முப்பத்தெட்டரை மாத்திரைகள் என்று கணக்கிட்டது. மருத்துவருக்கு எச்சரிக்கை வந்தது, மருந்தாளுநருக்கும் வந்தது. வழக்கமாக வருவதுபோலவே இருந்ததால் இருவரும் அதைத் தாண்டிச் சென்றார்கள். மருந்தைப் பொட்டலமிடும் இயந்திரத்துக்கு ஐயம் எழ வழியில்லை. செவிலியருக்கு எழுந்தது, ஆனால் பார்கோடு திரை 'சரி' என்றது. சிறுவனுக்கு வலிப்பு வந்து, பின்னர் பிழைத்துக்கொண்டான். என் தொழிலைச் செய்பவர் ஒருவரும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாக இருந்தார் என்பதால், இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

இதற்கு என்ன செய்யலாம் என்பதும் ஓரளவு தெரிந்தே இருக்கிறது. ஒரே மருந்துத் தகவல் தொகுப்பைப் பயன்படுத்திய இரண்டு அமெரிக்க மருத்துவமனைகளை ஒப்பிட்ட ஆய்வு 2009இல் வெளியானது. ஒன்றில் எச்சரிக்கைகள் கடுமைக்கேற்ப மூன்று படிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன: மிகக் கடுமையானவை வேலையை நிறுத்தும், இடைப்பட்டவை காரணம் கேட்கும், எளியவை ஓரமாகத் தெரிவதோடு சரி. மற்றொன்றில் எல்லாம் ஒரே தரம். மிகக் கடுமையான எச்சரிக்கைகளை முதல் மருத்துவமனையில் நூற்றுக்கு நூறு ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவதில் 34 சதவீதம் மட்டுமே. உள்ளே இருந்த அறிவு ஒன்றுதான், வேறுபட்டது திரை.

அப்படியானால் எல்லாவற்றையும் பூட்டிவிடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். எங்கள் மருந்துக் குழுவிலும் இந்த யோசனை வந்தது. நான் எதிர்த்தேன். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினையும், அதன் வீரியத்தைக் கூட்டி ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடிய கோ-ட்ரைமாக்சசோலையும் சேர்த்து எழுத முடியாதபடி தடுத்துப் பார்த்த சோதனையின் முடிவுகள் 2010இல் வெளியாயின. தடை பலித்தது: தடை இருந்த பக்கம் 57 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் சீட்டை மாற்றினார்கள், இல்லாத பக்கம் 13.5 சதவீதமே. ஆனாலும் அந்த மருந்து உண்மையிலேயே தேவைப்பட்ட நான்கு நோயாளிகளுக்குச் சிகிச்சை தாமதமானதால் சோதனையை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். பூட்டு போடும்போது சாவி யாரிடம், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

எச்சரிக்கையே தேவைப்படாதபடி திரையை அமைப்பது இவற்றையெல்லாம்விட நல்லது. ஆங்கிலத்தில் முதல் மூன்று எழுத்துகளைத் தட்டினால் மெட்ஃபார்மின், மெட்டோப்ரோலால், மெட்ரோநிடசோல், மெத்தோட்ரெக்சேட் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கின்றன. விரல் ஒரு வரி சறுக்கினால் சர்க்கரை நோயாளிக்கு வேறு மருந்து போய்விடும். மூன்று எழுத்து போதாது, ஐந்து வேண்டும் என்று வைப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. மெத்தோட்ரெக்சேட்டையே எடுத்துக்கொள்வோம். முடக்குவாதத்துக்கு அதை வாரத்தில் ஒரு நாள் மட்டும் கொடுக்கிறோம். தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை செயலிழந்து உயிர் போகலாம், உலகெங்கும் போயிருக்கிறது. எங்கள் திரையில் எந்த மருந்தைத் தேர்ந்தாலும் 'தினமும்' என்பதே தானாக நிரம்பும். இந்த ஒரு மருந்துக்கு மட்டும் 'வாரம் ஒரு முறை' என்று தானாக நிரம்பச் செய்து, புற்றுநோய்க்காகத் தினமும் தேவைப்படும்போது மருத்துவர் அதை மாற்றிக்கொள்ளட்டும் என்பதுதான் மருந்துப் பாதுகாப்பில் அனுபவமுள்ளவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது. இதற்கு ஒரு மஞ்சள் பெட்டியும் வேண்டாம்.

பெட்டி வந்துதான் ஆக வேண்டுமென்றால், அது அபாயத்தை மட்டும் அறிவித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. 70 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2005இல் வெளியான கட்டுரை, மருத்துவர் தேடிப் போகாமலே வேலையின் ஊடே, முடிவெடுக்கும் அதே நேரத்தில், என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லும் மென்பொருள்களே பலன் தருகின்றன என்று காட்டியது. அந்தப் பெண்ணின் சீட்டுக்கு 'கர்ப்பிணி, எனலாப்ரில் கூடாது, லேபடலால் அல்லது மெத்தில்டோபா' என்று ஒரே ஒரு சிவப்புப் பெட்டி வந்து, மாற்று மருந்தின் பெயரைத் தொட்டாலே சீட்டு திருந்திவிடும்படி இருந்திருந்தால் மாமியாரின் கேள்வியை நம்பி நாங்கள் நின்றிருக்க வேண்டியதில்லை.

திரையின் மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருத்துவர்களுக்கு ஆங்கிலம் போதும். மருந்தைக் கையில் எடுத்துக் கொடுக்கும் செவிலியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் சுருக்கெழுத்து ஆங்கிலத்தில் வரும் எச்சரிக்கை பல நேரங்களில் எட்டுவதில்லை. 2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுத்து வருகிறார்கள். இத்தகைய மென்பொருள் அவர்கள் கைபேசிக்கும் ஒருநாள் வரும். அப்போது அது நேரான தமிழில் பேச வேண்டும். 'மருந்து இடைவினை முரண்பாடு' என்று எழுதிவிட்டு அதைத் தமிழ் என்று சொல்லிக்கொள்வதில் பயனில்லை.

மருத்துவப் பயன்பாட்டுக்கான மென்பொருளும் மருத்துவக் கருவியே என்று 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டுச் சட்டம் சொல்கிறது. மருத்துவக் கருவிகளைப் பயன்படுத்துபவருக்கு ஏற்றபடி வடிவமைத்துச் சோதிப்பதற்கு ஐ.இ.சி. 62366 என்ற பன்னாட்டுத் தரமும் இருக்கிறது. ஆனால் எங்கள் மருத்துவமனை இந்த மென்பொருளை வாங்கியபோது நான் பார்த்த ஒப்பந்தப் பட்டியலில், எத்தனை ஆயிரம் மருந்துகளின் விவரம் இருக்கிறது, எத்தனை வகை எச்சரிக்கை தரும் என்பவைதாம் இருந்தன. எச்சரிக்கை அதிகமாக வருவது கூடுதல் தகுதியாகக் கொள்ளப்பட்டது! மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் என ஐந்தாறு பேரை உட்காரவைத்து, உண்மையான பத்துச் சீட்டுகளைப் பதியச் சொல்லி, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் பார்த்திருந்தாலே இவற்றில் பெரும்பாலானவை தெரிந்திருக்கும். வாங்கிய பிறகும், எந்தப் பெட்டி எத்தனை முறை புள்ளி வைத்து மூடப்பட்டது என்ற பட்டியலை மருந்துக் குழு மாதந்தோறும் பார்த்து, எப்போதும் மூடப்படுவதை நிறுத்திவைக்கும் உரிமை மருத்துவமனையிடம் இருக்க வேண்டும். எங்களுக்கு அந்த உரிமை இல்லை. உணவு பற்றிய பெட்டிகளை நிறுத்தக்கூட மென்பொருள் நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும்.

கேட்டோம். கர்ப்பிணியா என்று குறிக்கும் கட்டத்தை நோயாளியின் பெயருக்குப் பக்கத்திலேயே கொண்டுவருமாறு எழுத்துமூலமாகவும் கேட்டோம். அடுத்த பதிப்பில் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. அதன் பிறகு இரண்டு பதிப்புகள் வந்துவிட்டன. அந்தக் கட்டம் இன்னமும் இரண்டு பக்கங்கள் தள்ளித்தான் இருக்கிறது. மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் பெண்களிடம் நாங்களே வாய்விட்டுக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத மருந்தாளுநர்,
திருச்சிராப்பள்ளி.