டென்ட் எதுன்னு பாக்குறதுக்கு முன்னாடி இடம் யாரோடதுன்னு கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல மலையில டென்ட் போட்டு தங்குறத பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். என்ன டென்ட் வாங்கணும், எவ்வளவு வெயிட் இருக்கணும், ஸ்லீப்பிங் பேக் எந்த குளிர் வரைக்கும் தாங்கும்னு எல்லாம் வெலாவாரியா எழுதியிருந்தாங்க, படமும் அம்சமா இருந்துச்சு, ஆனா எங்க தங்குறதுங்கிறத மட்டும் "நல்ல இடமா பாத்து போட்டுக்கலாம்"னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க பாருங்க, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர். நான் போடிக்காரன், ஏலத்தோட்ட வேலையா மலைக்கு ஏறி இறங்கிட்டே இருக்குறவன், டென்ட்ல தங்குறதும் புடிக்கும். அதனால வேணாம்னு சொல்ல வரல.

மேற்குத் தொடர்ச்சி மலையில சும்மா கெடக்குற இடம்னு ஒண்ணு கெடையவே கெடையாது சார். ஒண்ணு ரிசர்வ் ஃபாரஸ்ட்டா இருக்கும், இல்ல சரணாலயம், புலிகள் காப்பகம், அதுவும் இல்லன்னா யாரோ ஒருத்தரோட எஸ்டேட், பட்டா நிலம், மிச்சம் இருக்குறது ரெவின்யூ புறம்போக்கு. ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்கு 1882ம் வருஷத்து தமிழ்நாடு வனச் சட்டம் இன்னைக்கும் இருக்கு, அனுமதி இல்லாம நுழையிறதும் தீ மூட்டுறதும் அதுல குத்தம். சரணாலயம்னா 1972 வன உயிரின பாதுகாப்பு சட்டம், பர்மிட் இல்லாம உள்ள காலெடுத்து வைக்கிறதே தப்பு, அப்புறம் எங்கிட்டு டென்ட் போடுறது. எங்க மேகமலை 2021ல இருந்து புலிகள் காப்பகத்துல சேந்துருச்சு, ராத்திரியில செக்போஸ்ட்ட தாண்டி வண்டியே விடமாட்டாங்க.

கொழுக்குமலை இன்னும் கொழப்பம். அந்த தேயிலை எஸ்டேட் இருக்குறது தேனி மாவட்டம், ஆனா ஜீப் ஏறுறது கேரளாவுல சூரியநெல்லியில இருந்து. நாலடி அங்கிட்டு நகந்தா அந்த ஊரு வனத்துறை, இங்கிட்டு நகந்தா நம்ம ஊரு வனத்துறை, எவன் வந்து கேட்டாலும் பதில் சொல்ல கையில பேப்பர் இருக்கணும். ஒருநா போடி பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடையில நாலஞ்சு பசங்க பெரிய பெரிய பைய மாட்டிக்கிட்டு நின்னாய்ங்க, எங்கப்பா தங்கப் போறீங்கன்னு கேட்டா செல்ல நீட்டி காட்டுறாய்ங்க, "மேப்புல இந்த இடம் பூரா பச்சையா இருக்குண்ணே, ஆளே இல்லாத இடம்தான"ங்கிறாய்ங்க. டீ மாஸ்டர் திரும்பி பாத்துட்டு "தம்பி, பச்சையா இருந்தா அதுக்கு ஓனரு கவருமெண்ட்டு"ன்னாரு. நல்ல பசங்கதான், பையில குப்பை அள்ளுறதுக்கு தனியா கவர் எல்லாம் வச்சிருந்தாய்ங்க, ஆனா வனத்துறைக்கு ரேஞ்ச் ஆபீஸ்னு ஒண்ணு இருக்கு, அங்க போயி கேக்கணும்னு அவங்களுக்கு யாருமே சொல்லல. உங்க கட்டுரையும் சொல்லல, அதான் என் வருத்தம்.

2018 மார்ச் 11 எங்க ஊருல யாரும் மறக்கல. குரங்கணி காட்டுத்தீ, 23 உசுரு. ட்ரெக்கிங் போனவங்க அந்தப் பாதைக்கு அனுமதி வாங்கலைன்னு அப்புறம் அரசாங்கம் சொல்லுச்சு, கூட்டிட்டு போனவங்க மேல கேஸு, விசாரணைன்னு என்னென்னமோ நடந்துச்சு, அதுக்குள்ள நான் போகல. நான் சொல்ல வர்றது வேற. அனுமதிங்கிறது ஆபீசர் கையெழுத்து மட்டும் இல்ல, இன்னைக்கு இத்தனை பேரு இந்தப் பக்கம் போயிருக்காங்கன்னு கீழ ஒருத்தருக்கு தெரிஞ்சிருக்கணும், இந்த வாரம் புல்லு காய்ஞ்சு கெடக்கு போகாதீங்கன்னு சொல்ல ஒரு ஆளு வேணும், அதுக்குத்தான் அது. அன்னைக்கு ராத்திரி ஊருக்காரங்களும் தோட்டத் தொழிலாளிங்களும் போர்வையில தொட்டில் மாதிரி கட்டி இருட்டுல தூக்கிட்டு எறங்குனாங்க. அந்த வருஷமே ட்ரெக்கிங்குக்குன்னு தனி விதி வந்துச்சு, 2024 அக்டோபர்ல ட்ரெக் தமிழ்நாடுன்னு அரசாங்கமே 40 பாதைய திறந்துச்சு, குரங்கணி சாம்பலாறும் அதுல இருக்கு, ஆன்லைன்ல புக் பண்ணிட்டு கைடோட போயிட்டு வரலாம், தீ சீசன்ல மூடிருவாங்க. ஆனா அந்த டிக்கெட் நடக்குறதுக்கு, ராத்திரி தங்குறதுக்கு இல்ல, இத பல பேரு தப்பா புரிஞ்சுக்கிறாங்க.

கேம்ப் ஃபயர் பத்தி கட்டுரையில ஒரு பாராவே இருந்துச்சு. தயவுசெஞ்சு அத மட்டும் யாரும் செய்யாதீங்க. மாசி பங்குனியில மலையில வளர்ற அந்த போதப்புல்லு காய்ஞ்சு கையில புடிச்சா பொடிப்பொடியா உதிரும், ஒரு கங்கு பறந்தா போதும். மேட்டுப்பக்கம் தீ கீழ இருந்து மேல ஏறுறது நம்ம ஓட்டத்த விட வேகம், மேல ஓடுறவன் தப்பிக்கிறது ரொம்ப கஷ்டம். குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் கூட போடுங்க, சமையலுக்கு சின்ன கேஸ் ஸ்டவ், அதையும் அந்த இடத்துக்காரங்க சரின்னு சொன்னா மட்டும், புல்லு இல்லாத வெறும் பாறையில வச்சு பத்த வைங்க. டென்ட்டுக்குள்ள எதையும் பத்த வைக்காதீங்க, கொடைக்கானல்ல ரூமுக்குள்ள கரி அடுப்ப வச்சுட்டு தூங்குனவங்க எந்திரிக்காம போனது பேப்பர்லயே வந்துச்சு, டென்ட்டு ரூம விட சின்னது.

அப்புறம் சாப்பாடு. அரிக்கொம்பன ஞாபகம் இருக்கா? சின்னக்கானல்ல அரிசிக்காக ரேஷன் கடைய ஒடச்ச யானை, 2023ல புடிச்சு பெரியாறு காட்டுல விட்டாங்க, அது மேகமலைய சுத்தி கம்பம் டவுனுக்குள்ளயே வந்து நின்னுச்சு. அந்த சின்னக்கானல் வேற எங்கயோ இல்ல, நீங்க ஜீப் ஏறுற சூரியநெல்லிக்கு பக்கத்து ஊரு. அரிசி, வாழப்பழம், வெல்லம் இதெல்லாம் டென்ட்டுக்குள்ள தலமாட்டுல வச்சு தூங்குறது விருந்துக்கு கூப்புடுறதுதான். தனியார் இடம்னா பயமில்லன்னும் நெனைக்காதீங்க, வயநாடு மேப்பாடியில 2021 ஜனவரியில ரிசார்ட் டென்ட்டுல தங்குன ஒரு பொண்ண யானை அடிச்சு கொன்னுருச்சு. எஸ்டேட் ஓனர் சரின்னு சொன்னாலும், டென்ட் போட அவருக்கு லைசென்ஸ் இருக்கா, யானை நடக்குற தாரை எந்தப் பக்கம்னு அங்க வேலை செய்யிற ஆளுங்ககிட்ட ஒரு வார்த்த கேளுங்க. ஓனர விட அவங்களுக்குத்தான் தெரியும்.

உங்க அட்டைப்படத்துக்கு வர்றேன். ஓடை ஓரத்து மணல்ல மஞ்சள் டென்ட்டு, பாக்க அழகுதான். ஆனா பின்னாடி அந்த புதர உத்து பாருங்க, இடுப்பு ஒசரத்துல சருகும் சுள்ளியும் சிக்கி தொங்குது. அது காத்துல வந்தது இல்ல சார், தண்ணி அந்த ஒசரத்துக்கு வந்துட்டு போயிருக்கு. கொடைக்கானல் மேல மழ பேஞ்சா கீழ கும்பக்கரையில வெயிலு அடிக்கும்போதே வெள்ளம் எறங்கும், அதுக்குத்தான் அருவிய அடிக்கடி மூடுறாங்க. ஓடையில இருந்து ஒரு எழுபது மீட்டராவது தள்ளி, மேடா, கெட்டியான தரையில போடணும். காட்டு ஜீவனுக்கும் ராத்திரி தண்ணிக்கு வழி விட்ட மாதிரி இருக்கும். வெளிய போறதுக்கும் அதே தூரம் கணக்கு, ஒரு சாண் குழி தோண்டி மூடிரணும், டிஷ்யூ பேப்பர் புதைக்காம கவர்ல போட்டு கீழ எடுத்துட்டு வரணும். கேக்க ஒரு மாதிரி இருக்கும், ஆனா அந்த ஓடத் தண்ணியத்தான் கீழ தோட்டத் தொழிலாளிங்க குடியிருக்குற லயத்துல குடிக்கிறாங்க. பாட்டில் விஷயம் சொல்லவே வேணாம், ஒடஞ்ச கண்ணாடி யானை கால்ல ஏறி சீழ் புடிச்சு சாகுதுன்னு கோர்ட் வரைக்கும் போயித்தான் நீலகிரியில 2022ல காலி பாட்டிலுக்கு பத்து ரூவா திருப்பி குடுக்குற ஏற்பாடே வந்துச்சு.

வெளிநாட்டுல எங்க வேணாலும் டென்ட் போடலாம், இங்கதான் ஆயிரம் ரூல்ஸுன்னு கட்டுரையில ஒரு சலிப்பு தெரிஞ்சுச்சு. ஸ்காட்லாந்துல 2003 சட்டத்துல அந்த உரிமை இருக்கு, உண்மைதான். ஆனா அங்கயே லாக் லோமண்ட் ஏரிப் பக்கம் குப்பையும் தீயும் தாங்கமுடியாம 2017ல இருந்து மார்ச் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் பல இடத்துல பர்மிட் வாங்கணும்னு ஆக்கிட்டாங்க, அதுவும் யானையும் புலியும் இல்லாத ஊருல. இங்க முறைப்படி போகணும்னாலும் வழி இருக்கு, மீசைப்புலிமலைக்கு மூணாறுல கேரள வன வளர்ச்சிக் கழகத்துகிட்ட புக் பண்ணா அவங்களே பேஸ் கேம்ப்ல டென்ட் குடுத்து கைடோட கூட்டிட்டு போறாங்க. கொழுக்குமலை பக்கமிருந்து திருட்டுத்தனமா அதே மலைக்கு ஏறுறவங்க வீடியோ போட்டு பெருமை வேற அடிச்சுக்கிறாங்க, அதுக்கு லைக்கும் குவியுது, என்னத்த சொல்ல.

கடைசியா ஒரு வேண்டுகோள். அந்த ஓடை எடத்துக்கு க்யூஆர் கோடு போட்டு லொகேஷன் குடுத்திருக்கீங்க. நான் ஸ்கேன் பண்ணி பாத்தேன், எனக்கு தெரிஞ்சு அது ரிசர்வ் ஃபாரஸ்ட் எல்லைக்குள்ள வருது, உங்க பக்கமும் ஒருக்கா ரேஞ்ச் ஆபீஸ்ல கேட்டு பாருங்க. இணையப் பதிப்புல இருந்து அந்த கோட இந்த வாரமே எடுத்துருங்க, பரீட்சை முடிஞ்சதும் பசங்க கெளம்பிருவாய்ங்க. அடுத்த இதழ்ல ஒரு கட்டம் கட்டி யாருகிட்ட அனுமதி கேக்கணும், எந்த மாசம் போகக்கூடாதுன்னு போட்டா நல்லது.

இப்படிக்கு,
போடிநாயக்கனூரிலிருந்து உங்கள் வாசகர்