மைக் செட் அண்ணாச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

நாடகம் நடந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மண்டபம் கைவிரித்ததும், அப்புறம் வந்த போன்களும், அந்தப் புகாரும் உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். அதையெல்லாம் திரும்ப எழுத எனக்கு இப்போது தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் இந்த மடல். ஆறப்போட்டால் வெறும் சம்பிரதாயமாகிவிடும் என்பதால் உடனே எழுதுகிறேன்.

பலருக்குக் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் இந்த நிமிடம் மனசு முழுக்க நிற்பது மைக் செட் அண்ணாச்சிதான். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முக்கூடல், சேரன்மகாதேவிப் பக்கம் கோயில் கொடைத் திருவிழா பார்த்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். வில்லுப்பாட்டு, கணியான் கூத்து என்று விடிய விடிய ஆம்ப்ளிஃபையர் பக்கத்திலேயே உட்கார்ந்து பழகியவர்.

மண்டபம் இல்லை என்றானதும் அவருக்குப் போன் செய்து, “நிகழ்ச்சி நடக்குமான்னு தெரியல அண்ணாச்சி, அட்வான்ஸை நீங்களே வச்சுக்கிடுங்க” என்றேன். “எடம் எங்கன்னு மட்டும் சொல்லு தாயி” என்று வைத்துவிட்டார். கடைசியில் ஓடாமல் கிடந்த அரிசி ஆலை ஒன்றின் நெல் காயப்போடும் களம் கிடைத்தது. அன்று மத்தியானமே குட்டி யானை வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். நாங்கள் ஒத்திகையில் இருந்தோம். ஒயரைப் பிரிக்காமல் ஓரமாக உட்கார்ந்து முழுசாகப் பார்த்தார்.

நாடகம் எதைப் பற்றி என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. பீடி சுற்றும் இரண்டு பெண்கள், ஒருவரையொருவர் நேசிப்பவர்கள். ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, மடியில் சொளகை, அதாவது முறத்தை, வைத்துக்கொண்டு இருவரும் பேசுகிற காட்சிதான் நாடகத்துக்கு உயிர். ஒருத்தி நனைத்த இலையை அளவாக வெட்டிக் கொடுக்க, மற்றவள் தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்டுகிறாள். பக்கத்து அறையில் அம்மா படுத்திருக்கிறாள். அதனால் குசுகுசுவென்றுதான் பேச முடியும். மண்டபத்துக்குள் என்றால் சரி, நான்கு சுவருக்குள் குரல் தங்கும். திறந்த களத்தில் அது காற்றோடு போய்விடுமே என்று எனக்கு ஒரே கவலை. கொஞ்சம் சத்தமாகவே பேசச் சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி எழுந்து வந்தார். “அந்த ரெண்டு பிள்ளைகளும் மெதுவாப் பேசுதுல்லா, அது அப்படியே பேசட்டும். சத்தத்தைக் கூட்டச் சொல்லாத. கடைசி வரிசைக்குக் கேக்க வைக்கது என் சோலி.”

சொன்னதோடு நிற்கவில்லை. கூம்பு ஸ்பீக்கர்களை இறக்கிவிட்டு, பாக்ஸ்களை மட்டும் களத்தின் இரண்டு ஓரத்திலும் பாதித் தூரத்தில் வைத்தார். ஜெனரேட்டர் இரைச்சல் அந்தக் காட்சியைக் கெடுத்துவிடும் என்று அதை ஆலைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்து, அங்கிருந்து நீளமாக ஒயர் இழுத்தார். சின்ன மைக் ஒன்றைச் சொளகுக்குக் கீழே மறைத்துவைத்து, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து கேட்டார். இலையின் சரசரப்பு பேச்சை முழுங்கியது. எழுந்து வந்து, மைக்கைச் சுற்றித் தன் துண்டின் ஓரத்தைக் கிழித்துக் கட்டினார். மறுபடி போய் உட்கார்ந்தார். இன்னும் சரியில்லை. நடுவில் இருந்த விளக்குத் தண்டின் பின்பக்கம் மாற்றிக் கட்டினார். இந்த முறை பேச்சும் கேட்டது, இலை நறுங்குவதும் அளவாகக் கேட்டது. “இப்ப சரி” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

எழுதத் தொடங்கியதிலிருந்து என்னிடம் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் பூடகமாக எழுதுங்கள், தோழிகள் என்று மாற்றிவிடுங்கள், முடிவில் ஒருத்தி செத்துவிட்டால் பிரச்சினை வராது. நான் எழுதியது எழுதியபடியே, எழுதிய குரலிலேயே, கடைசி ஆள்வரை போய்ச் சேர வேண்டும் என்று ஒருவர் பாடுபட்டதை நான் பார்த்தது இதுதான் முதல்முறை.

அப்புறம் இன்னொன்று கேட்டார். கொடையில் வரி கொடுத்தவர்களின் பெயரை மைக்கில் சொல்லும்போது வீட்டுக்காரர்களையும் சேர்த்துச் சொல்வதுதானே வழக்கம். “உனக்கு எப்படிச் சொல்லணும் தாயி?” என்று கேட்டுவிட்டு, பாய் விரித்துக்கொண்டிருந்த என் துணையைப் பார்த்தார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள்தான் சொன்னாள், ரெண்டு பேர் பேரையும் சொல்லுங்க என்று. கொடையில் சொல்கிற அதே குரலில், அதே நிதானத்தில் சொன்னார்.

நான் இதுவரை எழுதிய கதைகள் எல்லாமே முதலெழுத்துகளில் வந்தவை. திருநெல்வேலி வானொலியில் நாடகம் கேட்டு வளர்ந்தவள், பேச்சு எழுத ஆசைப்பட்டவள், பெயரை மட்டும் எழுதத் துணியாமல் இருந்தேன். 1957-இல் அமெரிக்காவில் லொரெய்ன் ஹான்ஸ்பெரி, பெண்ணை நேசிக்கும் பெண்களுக்காக நடந்த ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதியபோது முதலெழுத்துகளை மட்டும்தான் போட்டார். இரண்டே வருடத்தில், 1959-இல், பிராட்வேயில் நாடகம் அரங்கேறிய முதல் கறுப்பினப் பெண் என்று பெயர் பெற்றவர் அவர். 1965-இல், 34 வயதில் இறந்துபோனார். அவர் வாழ்க்கையின் இந்தப் பக்கம் பலருக்கும் தெரியவந்தது ரொம்பக் காலம் கழித்துத்தான். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். என் கதைகள் தொகுப்பாக வரும்போது முழுப்பெயரில்தான் வரும். இந்த மடலும் அந்தப் பெயரில்தான் வருகிறது.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். களத்தைக் கொடுத்து, வாடகை என்ற பேச்சையே எடுக்காத ஆலைக்காரர். பாய்களை வண்டி பிடித்து அனுப்பிய பட்டமடைப் பெண்கள். பாளையங்கோட்டையிலிருந்து வந்து வாசலில் நின்ற கல்லூரிப் பிள்ளைகள். கூட்டாஞ்சோறு கிண்டிக் கொண்டுவந்த மதினி. புகார் விஷயத்தில் கூடவே வந்த வழக்கறிஞர் தோழி. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தந்த உத்தரவை அச்சடித்துக் கையோடு கொண்டுவந்திருந்தார். மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கு அது. காணவில்லை என்று புகார் வந்தாலும், சம்பந்தப்பட்டவர்கள் வயது வந்தவர்கள், விருப்பப்பட்டுத்தான் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. முகம் தெரியாத அந்த இரண்டு பெண்களுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

எதிரில் வந்து உட்கார்ந்த அத்தனை பேருக்கும் நன்றி. கடைசி வரிசையில், சமையலை முடித்துவிட்டுத் தாமதமாக வந்த பீடி சுற்றும் அக்காக்கள் இருந்தார்கள். நாடகம் முடிந்ததும் ஒரு அக்கா நடிகைகளிடம் வந்து, “நூல் கட்டுனது சரிளா, கத்திரிதான் பிடிக்கத் தெரியல” என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “அவ அவனைக் கெட்டிக்கிட்டுப் போயிருக்கக் கூடாதுளா” என்றார். இதுவரை எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் இதைவிடப் பெரியது இல்லை. அக்கா, அந்த முடிவைப் பற்றி ராத்திரியெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறேன், கத்திரி பிடிக்கவும் சொல்லிக்கொடுங்கள்.

அண்ணாச்சி, பாக்கிப் பணத்தோடு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். கொடை முடியட்டும், பார்த்துக்கிடலாம் என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கிழித்த துண்டுக்குப் பதிலும் வாங்கி வைத்திருக்கிறோம். அடுத்த நாடகத்துக்கும் உங்கள் செட்தான்.