ஒவ்வொரு மாத்திரைக்கும் தனிக்கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஈரோடு மாவட்டத்தில் நெடுங்காலம் மருந்தாளுநராகப் பணியாற்றியவன் என்ற முறையில், பல மாத்திரைகள் சாப்பிடுவோர் அவற்றை ஒழுங்காக உட்கொள்கிறார்களா என்று கணக்கிடும் முறை குறித்து எழுதுகிறேன். வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளிகள் மருந்தை விதித்தபடி உட்கொள்வது சராசரியாக 50 சதவீதம்தான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2003-ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் நம் ஊர்களில் வீட்டுக்கே வருகின்றன. மனதாரப் பாராட்ட வேண்டிய பணி அது. ஆயினும், கொடுத்த கணக்கைச் சாப்பிட்ட கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது.

மாதத்தில் எத்தனை நாளுக்கான மருந்து நோயாளியின் கையில் இருந்தது என்று பார்த்து, அது 80 சதவீதத்தை எட்டினால் ஒழுங்காகச் சாப்பிடுபவர் என்று கொள்வது ஆய்வாளர்களின் வழக்கம். தினமும் ஐந்து மாத்திரை சாப்பிட வேண்டியவருக்குச் சராசரி பார்த்தால் இந்தக் கணக்கு ஏமாற்றிவிடும். நான்கை ஒருநாளும் தவறாமல் சாப்பிட்டு, ஐந்தாவதைத் தொடாமலே விட்டவருக்கும் சராசரி சரியாக 80 வரும். அந்த ஐந்தாவது, இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (சிறு வலைக்குழாய்) வைத்தவருக்கு ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. ஐந்தையும் வெவ்வேறு நாட்களில் மும்மூன்று முறை தவறவிட்டவருக்கோ சராசரி 90. ஆனால் ஐந்தும் முழுமையாக உள்ளே போனவை 30 நாளில் 15 நாட்களே. மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனையும் பிரஷர் மாத்திரையைப் பற்றி எதுவும் சொல்லாது.

எது விடுபடுகிறது என்பதை அட்டைகளே காட்டிவிடும். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறித் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போகும் பெண்ணின் பையில் மற்ற அட்டைகள் காலியாகியிருக்க, அடிக்கடி சிறுநீர் போகவைக்கும் நீர் மாத்திரையின் அட்டை மட்டும் பிரிக்காமல் கிடக்கும். வழியில் இறங்க முடியாது என்பதால் அவர் விடுகிறார். அதை அசட்டை என்று திட்டுவது நியாயமன்று. சோமனூர்ப் பக்கம் இரவு ஷிப்டில் தறி ஓட்டுபவருக்கு, ‘காலை சாப்பாட்டுக்கு முன்’ என்ற குறிப்பே குழப்பம்தான்.

எனவே, அடுத்த மாத மருந்தைக் கொடுக்கும்போது மீதமுள்ள அட்டைகளை வாங்கிப் பார்த்து, ஒவ்வொரு மருந்துக்கும் மீதியைத் தனித்தனியாகக் குறிக்கவும், விட்ட காரணத்தைக் கடிந்துகொள்ளாமல் கேட்டு எழுதவும், வீட்டுக்கு மருந்து கொண்டுவரும் தன்னார்வலர்களின் பதிவேட்டில் சுகாதாரத் துறை இடம் ஒதுக்க வேண்டும். அந்தக் குறிப்பு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் கைக்குப் போனால், நேரத்தை மாற்றுவதா, மருந்தையே மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்வார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
கோபிசெட்டிபாளையம்.