ஸ்கேன் சொல்வது ஃபீல்டு மெஷினுக்குத் தெரிய வேண்டாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கண் நரம்பு மெல்ல மெல்லச் சேதமாகும் கிளாக்கோமா நோய் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சொட்டு மருந்து, கண் பிரஷர் பற்றியெல்லாம் சரி, பார்வை எந்தெந்தப் பக்கம் எவ்வளவு தெரிகிறது என்று அளக்கும் ஃபீல்டு டெஸ்ட்டை மட்டும் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள்.

எங்கள் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மேலூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து மதுரை வந்து, ஒரு கண்ணை மூடி, தாடையை முட்டுக்கொடுத்து, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டு, ஓரத்தில் எங்கே வெளிச்சம் மினுக்கினாலும் பொத்தானை அமுக்க வேண்டும். அம்மா வெளிச்சம் வந்த பக்கமெல்லாம் கண்ணைத் திருப்பினார், அப்புறம் பாதியில் தூங்கியே போனார். "நேரா பாருங்கம்மா" என்று சொல்லிச் சொல்லியே டெஸ்ட் எடுத்த பொண்ணு ஓய்ந்துவிட்டது. ரிப்போர்ட்டை நம்ப முடியாது, திரும்ப வாங்க என்றார்கள். இப்படி இரண்டு தடவை. அவர்கள்மேல் குறையில்லை, மெஷின் அப்படி.

இத்தனைக்கும் அன்றைக்கே எடுத்த, கண்ணின் உள்படலங்களின் தடிமனை வெளிச்சத்தால் அளக்கும் ஓசிடி ஸ்கேனில் வலது கண் நரம்பின் அடிப்பக்கம் மெலிந்திருப்பது சிவப்பாகத் தெரிந்தது. கீழே மெலிந்தால் பார்வையில் மேல்பக்கம் மங்கும், தலைகீழ்க் கணக்கு. பக்கத்து அறையில் இருக்கும் ஃபீல்டு மெஷினுக்கோ அது தெரியாது. வழக்கமான 24-2 டெஸ்ட்டில் 6 டிகிரிக்கு ஒன்றாக 54 புள்ளிகள், யார் உட்கார்ந்தாலும் அதே இடங்கள். நடுவே 10 டிகிரிக்குள் 12 புள்ளிதான், அங்கே பார்வையில் சின்ன ஓட்டை விழுந்தால் நழுவிவிடும். அதைப் பிடிக்க 68 புள்ளிகளை நெருக்கி வைக்கும் 10-2 தனி டெஸ்ட், இன்னொரு தடவை உட்கார வேண்டும்.

அதோடு, நடுப்பார்வைக் குழியிலிருந்து நரம்பு நுழையும் இடம் எவ்வளவு தள்ளி, எவ்வளவு மேலே என்பது ஆளுக்கு ஆள் மாறும், நரம்பு இழைகள் ஓடும் பாதையும் கூடவே மாறும். சராசரிப் படத்தை வைத்து எந்தப் புள்ளி எந்த இழை என்று சொல்வது, பக்கத்து நிலத்துப் பட்டாவை வைத்து நம் வரப்பை அளப்பது மாதிரிதான்.

அவரவர் ஸ்கேனைப் பார்த்து மெலிந்த இடத்தில் புள்ளிகளை நெருக்கி, நல்ல இடத்தைச் சும்மா சரிபார்த்துவிட்டு நகர்ந்தால் என்ன? ஆராய்ச்சியாளர்கள் பல வருஷமாக இதில் வேலை செய்கிறார்கள். ஸ்கேன் தப்பானால் டெஸ்ட்டும் அந்தப் பக்கம் சாயும் என்பது நியாயமான பயம்தான், அதனால் ஸ்கேன் வழிகாட்டட்டும், முடிவை அம்மாவின் பொத்தான் சொல்லட்டும். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மலிவாகச் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிற ஆரோலேப் இருக்கிற ஊர், இதையும் மதுரை டாக்டர்கள் கையில் எடுக்கலாம்.

அடுத்த டெஸ்ட் வியாழக்கிழமை. "அந்தப் பொட்டிக்குள்ள தலைய விடமாட்டேன்" என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார்.

- ஒரு வாசகர், மேலூர்