கொட்டேஷனின் கடைசி வரி

கோயம்புத்தூர்,
ஞாயிறு காலை.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. அமெரிக்காவில் உன் வீட்டுக் கொல்லையில் கராஜ் கட்ட மூன்று ஒப்பந்தக்காரர்கள் கொடுத்து, நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று கொட்டேஷனையும் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வந்து, இரண்டு நாளாகச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் நீ “சரிப்பா, சரிப்பா” என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம்.

“போல் பார்ன் கராஜ் கட்டப் போகிறான்” என்று உன் அம்மாவிடம் சொன்னபோது, “பார்ன் போல என்றால் எது போல?” என்று கேட்டாள். எனக்கே போன வருடம் அங்கே வந்து பார்க்கும்வரை சரியாகப் புரியவில்லை. முப்பத்திரண்டு வருடம் ஷெட் போட்டவன் நான். அஸ்திவாரம், பேஸ் பிளேட், போல்ட், அதன் மேல் இரும்புத் தூண் என்று பழகிய கண்ணுக்கு, மரத்தூணை நேராக மண்ணில் குழி தோண்டி நடுகிறார்கள் என்றதும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. நம் ஊராக இருந்தால் கரையானுக்கு விருந்து. அப்புறம் உன் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் கொட்டகையைத் திறந்து காட்டினாரே, அன்றைக்குத்தான் வாயை மூடினேன். மருந்து ஏற்றிய ஆறு அங்குலத் தூண்கள் எட்டடிக்கு ஒன்று. தரைக்குக் கீழே நாலடி. சுற்றிலும் தொடர்ச்சியான அஸ்திவாரமே இல்லை. செலவு குறைவதற்கு முதல் காரணமே அதுதான். 1930களில் அங்கே கிராமங்களுக்கு மின்சாரம் போனபோது நட்ட கம்பங்களின் வழியில் வந்த யோசனை என்றும், டோன், பெர்கின்ஸ் என்ற இருவர் உருவாக்கிய இந்த முறைக்கு 1953இல் பேட்டன்ட் கிடைத்தது என்றும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பிடித்த வேலைதான். செய், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் நீ அனுப்பிய செய்தியில் ஒரு வரி எழுதியிருந்தாய்: “முதல் ஆள் சதுர அடிக்கு 23 டாலர்தான்ப்பா, மூன்றாவது ஆள் 43 கேட்கிறான், கொள்ளை.” அந்த வரிக்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1998இல் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னை நார் ஆலைக்காரருக்கு ஷெட் போட்டேன். மூன்று பேர் கொட்டேஷன் கொடுத்திருந்தோம். வேலை எனக்கு வர வேண்டும் என்று தரை நிரப்புதல், தண்ணீர்க் குழாய், ரோலிங் ஷட்டர் மூன்றையும் எடுத்துவிட்டு, ஷெட்டுக்கு மட்டும் விலை போட்டேன். தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: “சிவில் வேலை, ஷட்டர், மழைநீர்க் குழாய் எங்கள் பொறுப்பில் சேராது.” பொய் எதுவும் இல்லை. வேலை எனக்கே கிடைத்தது. ஷெட் எழும்பிய பிறகு ஒருநாள் அவர் அந்தத் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து விரித்தார். வியர்வையில் நனைந்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. கடைசி வரியில் விரலை வைத்தார். ஒன்றும் பேசவில்லை. பாக்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு வேலைகூட வரவில்லை.

அதனால் கொட்டேஷன் கையில் வந்தால் நான் முதலில் கடைசி வரியைத்தான் பார்ப்பேன். உன்னுடைய முதல் ஆளும் என் ஜாதிதான்.

30க்கு 40, அதாவது 1,200 சதுர அடி. முதல் ஆள் போட்டிருப்பது 27,840 டாலர். நல்ல விலை மாதிரி இருக்கிறது. ஆனால் அவன் தாளில் தரை இல்லை. நீ விசாரித்த கான்கிரீட்காரர் சதுர அடிக்கு 7 டாலர் சொன்னார் என்றாயே, அப்படியென்றால் 8,400. மேலே ஏறித் திறக்கும் ஓவர்ஹெட் கதவு இரண்டுக்கும் “திறப்பு மட்டும்” என்று போட்டிருக்கிறான், கதவு இல்லை. உன் கணக்குப்படி ஒன்று 2,400 வைத்தால் 4,800. மண் நிரப்பிக் கெட்டிப்படுத்த 3,500 என்று மண்வேலைக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாய். கூரைத் தண்ணீர் பிடிக்கும் குழாய்க்கு 1,200. எல்லாம் சேர்த்தால் 45,740 ஆகிறது. இரண்டாவது ஆளின் 38,400இல் தரையும் கதவும் இருக்கின்றன, மண்ணும் குழாயும்தான் இல்லை. சேர்த்தால் 43,100. ஆக, நீ மலிவு என்று நினைத்தவன் நடுவில் இருப்பவனைவிட 2,640 டாலர் கூட. மூன்றாவது ஆளின் 51,600இல் எல்லாமே இருக்கிறது. கூரைக்கு 26 கேஜ் தகடு, சுற்றிலும் ஓரடி வெளிநீட்டம், தகட்டின் அடியில் ஈரம் உறிஞ்சும் துணிப்படலம் எல்லாம் உண்டு. மற்ற இருவரும் 29 கேஜ். கேஜ் எண் குறைந்தால் தகடு தடிமன் என்பதை உனக்குச் சின்ன வயதிலேயே பட்டறையில் சொல்லியிருக்கிறேன், மறந்திருக்க மாட்டாய்.

இந்தச் சதுர அடிக் கணக்கே கொஞ்சம் ஏமாற்று வேலை. உன் நண்பன் 24க்கு 24 கட்டினான், அவனுக்குச் சதுர அடிக்கு அதிகம் ஆனது, அவன் ஏமாந்துவிட்டான் என்றாய். அவன் தரை 576 சதுர அடி, சுவர் சுற்றளவு 96 அடி. உன் தரை அதைப் போல இரண்டு மடங்கு, ஆனால் சுற்றளவு 140 அடிதான். தூண், சுவர்த் தகடு, குழி எல்லாம் சுற்றளவோடு போகிற செலவு. சின்னக் கட்டடத்துக்குச் சதுர அடி விலை ஏறத்தான் செய்யும். அப்புறம், மருமகள் 44 அடி கேட்டாளாமே. எட்டடித் தூண் இடைவெளியில் 40 என்றால் சரியாக ஐந்து கட்டு. 44 கேட்டால் இடைவெளிக் கணக்கு எல்லாம் குலையும். இடம் போதவில்லை என்றால் நேராக 48க்குப் போகலாம். இல்லையென்றால் 40இலேயே நில்லுங்கள்.

மண் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று பேரும் கோட்டை விட்ட இடம் அது. போன ஜூலையில் நானும் பேரனும் உன் கொல்லையில் தண்ணீர்க் குழாயை வைத்து விளையாடிக்கொண்டிருந்தோம் என்று நீ நினைத்தாய். விளையாடவில்லை. கண்ணாடி மாதிரித் தெரியும் அந்த ஹோஸில் தண்ணீர் நிரப்பி, அவன் ஒரு முனையைக் குச்சியில் பிடித்துக்கொள்ள, நான் மறு முனையைக் கொண்டுபோய் மட்டம் பார்த்தேன். நம் கொத்தனார்கள் பார்க்கிற அதே டியூப் லெவல். “தாத்தா, பபிள் வந்துவிட்டது” என்று கத்திக்கொண்டே இருந்தான். வேலியோரம் பிடித்த மட்டத்துக்கும் வீட்டுப் பக்கத்து மட்டத்துக்கும் 40 அடியில் 22 அங்குலம் வித்தியாசம். பார்வைக்குச் சமதரை மாதிரி இருக்கிறது, ஆனால் கிட்டத்தட்ட இரண்டடிச் சரிவு. சராசரி 11 அங்குலம் நிரப்ப வேண்டும், 1,200 சதுர அடிக்கு 40 கியூபிக் யார்டு. ஓரச் சரிவையும் மண் அமுங்குவதையும் சேர்த்தால் ஐம்பதைத் தொடும். அந்த 3,500 டாலர்காரர் வந்து அளந்து சொன்னாரா, போனில் சொன்னாரா? போனில் என்றால் அந்த எண்ணை நம்பாதே.

இதில் இன்னொன்று இருக்கிறது. தூண் குழியின் ஆழத்தை நிரப்பிய மண்ணிலிருந்து எண்ணக்கூடாது, பழைய மண்ணிலிருந்து எண்ண வேண்டும். உங்கள் ஒஹையோவில் குளிர்காலத்தில் மூன்றடி ஆழம் வரை மண் உறையும் என்கிறார்கள். உறைந்த மண் மேலே தூக்கும், தூணையும் சேர்த்துத் தூக்கும். அதனால்தான் நாலடி. வேலியோரத் தூணுக்கு நாலடியோடு நிரப்பும் 22 அங்குலமும் சேர வேண்டும், அவ்வளவு நீளத் தூண் வேண்டும். மூன்று தாளிலும் எல்லாத் தூணும் ஒரே நீளம். ஒருவன்கூட வந்து நின்று பார்க்கவில்லை என்பது அதிலேயே தெரிகிறது. குழிக்கு அடியில் கான்கிரீட் பாதம் உண்டா, எத்தனை அங்குலம் என்றும் கேள்.

பனியின் எடையை நான் முதலில் நம்பவில்லை. சதுர அடிக்கு 20 பவுண்டு என்று வைத்தால்கூட உன் கூரை மேல் 24,000 பவுண்டு, கிட்டத்தட்ட 11 டன். நம் ஊரில் ஷெட்டைக் காற்று தூக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், அங்கே மேலிருந்தும் அழுத்துகிறது. கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டமான ட்ரஸ்ஸின் வரைபடத்தில் இன்ஜினியர் முத்திரையும் உங்கள் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) பனிக் கணக்கும் இருக்கிறதா என்று பார். இரண்டாவது ஆள் தூணைப் பத்தடிக்கு ஒன்று போட்டிருக்கிறான். தப்பு என்று சொல்லமாட்டேன், கணக்குப் பண்ணிப் போட்டால் நிற்கும். அந்தக் கணக்கைக் காகிதத்தில் கேள். பின்னாளில் உள்கூரை அடித்து ஹீட்டர் வைக்கப் போகிறாய் என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடு. ட்ரஸ்ஸின் அடிக்கட்டை அந்த எடைக்குச் செய்யப்படவில்லை என்றால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

துணிப்படலத்தை மட்டும் விட்டுவிடாதே. பெரியவர் கொட்டகையில் அக்டோபர் காலையில் காரின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்ததே, மழையே இல்லாமல்! தகட்டின் அடியில் உள்ளே இருக்கிற ஈரம் குளிர்ந்து வியர்க்கிறது. அந்தத் துணி தகடு செய்யும் இடத்திலேயே ஒட்டி வருவது. கூரை ஏறிய பிறகு நினைத்துப் பிரயோஜனம் இல்லை.

கொல்லையில் ஓரிடத்தில் மட்டும் புல் கோடு கோடாக அதிகப் பச்சையாக இருந்தது நினைவிருக்கிறதா? செப்டிக் தண்ணீர் இறங்குகிற குழாய்கள் அங்கேதான் ஓடுகின்றன. அதன் மேல் கட்டக்கூடாது, கான்கிரீட் லாரியும் அதன் மேல் ஏறக்கூடாது. நிரம்பிய லாரி முப்பது டன் அளவு இருக்கும், குழாய் நொறுங்கிவிடும். லாரி எந்த வழியாக உள்ளே வரும் என்று இப்போதே முடிவு செய். தோண்டுவதற்கு முன் 811க்குப் போன் செய்தால் கேஸ் லைன், கரண்ட் லைன் எல்லாம் இலவசமாக அடையாளம் போட்டுத் தருவார்கள் என்று நீதான் எனக்குச் சொன்னாய், நீயே மறந்துவிடாதே. பெர்மிட், எல்லைக்கோட்டிலிருந்து விட வேண்டிய தூரம் எல்லாம் உள்ளூர் நிர்வாகமான டவுன்ஷிப் ஆபீஸில் கேட்டு எழுதி வாங்கு. கட்டி முடித்தால் கவுண்டி ஆடிட்டர் வீட்டு மதிப்பைக் கூட்டுவார், வரியும் கூடும். அதையும் செலவாகவே எழுதிக்கொள்.

பணம் கொடுக்கிற விதத்தில் முதல் ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. கையெழுத்துப் போட்ட அன்றே பாதிப் பணம் கேட்கிறான். சாமான் உன் இடத்தில் வந்து இறங்கும்போது ஒரு பங்கு, கூரை மூடியதும் ஒரு பங்கு, முடிந்து கட்டட இன்ஸ்பெக்டர் பார்த்த பிறகு கடைசிப் பங்கு என்று பேசு. ஒவ்வொரு முறையும் மரக்கடைக்காரருக்குப் பணம் போய்விட்டது, பாக்கிக்காக உன் சொத்தின் மேல் உரிமை (லீன்) கேட்க மாட்டார் என்று லீன் வெய்வர் எழுதி வாங்கு. இவன் கடைக்குப் பாக்கி வைத்தால், கடைக்காரர் உன் சொத்தின் மேல் லீன் போட முடியும் அங்கே. நம் ஊரில் இப்படிக் கிடையாது, பாக்கியை நானேதான் அலைந்து வசூலித்தேன்.

விலை எத்தனை நாள் செல்லும் என்றும் பார். 2021 மே மாதம் அங்கே மரம் ஆயிரம் போர்டு அடிக்கு (அங்கே மரம் அளக்கிற அளவு) 1,600 டாலரைத் தாண்டியது. அந்தச் சமயத்தில் பழைய கொட்டேஷனை நம்பியிருந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான். “சாமான் விலை ஏறினால் வித்தியாசம் உங்களுடையது” என்று ஒரு வரி மூன்றாவது தாளில் இருக்கிறது, இரண்டாம் பக்கம், கீழிருந்து நாலாவது. சிவப்பில் கோடு போட்டிருக்கிறேன். அதை எடுக்கச் சொல்.

நான் உன் இடத்தில் இருந்தால் நடு ஆளைக் கூப்பிடுவேன். இடத்துக்கே வரச் சொல்லி, அந்தச் சரிவைக் காட்டி, தூண் நீளம், துணிப்படலம், தண்ணீர்க் குழாய் எல்லாம் சேர்த்துப் புதிதாக எழுதித் தரச் சொல்வேன். 46, 47 ஆயிரத்தில் முடிந்தால் சரி. வந்து பார்க்க மாட்டேன் என்றால் மூன்றாவது ஆளிடம் போ. அவன் கொள்ளைக்காரன் இல்லை, எல்லாவற்றையும் எழுதிவிட்டவன், அவ்வளவுதான். 29 கேஜே போதும் என்று சொல்லிக் கொஞ்சம் குறைக்கப் பார்.

குழி தோண்டுகிற அன்று வீடியோ கால் போடு. உனக்குக் காலை பத்து மணி என்றால் இங்கே இரவு ஏழரை, நான் விழித்துத்தான் இருப்பேன். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால், வேலியோரக் குழியில் பேரனை டேப் விடச் சொல்லிக் காட்டு. எண் தெரிகிற மாதிரி கேமராவைக் கிட்டே பிடி.

அன்புடன்,
அப்பா

பி.கு. அம்மா பருப்புப் பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறாள். யாராவது அந்தப் பக்கம் வந்தால் சொல்.